தோட்டத்து ஷெட்டுக்கு அஸ்திவாரம்: மண் பார்ப்பதில் தொடங்கி தண்ணீர் கட்டுவது வரை

மண்வெட்டி, உர மூட்டை, மருந்துத் தெளிப்பான், சொட்டுநீர்க் குழாய் இவற்றை வைக்க 10 அடிக்கு 12 அடியில் ஒரு ஷெட். இரும்புச் சட்டம், கலர் ஷீட், கதவு எல்லாம் சேர்த்தாலும் 300 கிலோவைத் தாண்டுவது அரிது. ஆறு கால்களில் பிரித்தால் காலுக்கு 50 கிலோ. அந்த இடத்தில் ஓர் ஆள் நின்றாலே அதைவிட அதிக எடை. “இதுக்குப் போய் அஸ்திவாரமா, நாலு குழி போட்டு நட்டா போதும்” என்று கொத்தனார் சொல்வது இந்தக் கணக்கை வைத்துத்தான்.

அவர் கணக்கு தப்பில்லை, பாதிதான். காற்றுக் கணக்கு அதில் இல்லை. இந்தியக் கட்டுமான விதித் தொகுப்பில் ஐ.எஸ். 875, மூன்றாம் பகுதி காற்றைப் பற்றியது. அதன்படி சென்னைக்கான அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர். மதுரைக்கும் கோவைக்கும் 39 மீட்டர். வேகத்தை அதே வேகத்தால் பெருக்கி, 0.6 ஆல் பெருக்கினால் சதுர மீட்டருக்கு எத்தனை நியூட்டன் அழுத்தம் என்று வரும். சென்னையில் அது 1,500 நியூட்டன், சுமார் 150 கிலோ. நம் ஷெட்டின் கூரை 11 சதுர மீட்டர். உயரம், கூரைச் சரிவு, சுற்றியுள்ள மரங்கள் இவற்றைப் பொறுத்து கூடும், குறையும் என்றாலும், கூரையை மேலே இழுக்கும் விசை ஒன்றரை டன்னுக்கு மேல் போகலாம். கோவையில் ஒரு டன். ஒரு பக்கம் திறந்த ஷெட் என்றால் உள்ளே புகும் காற்றும் சேர்ந்து தூக்கும். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்று சொல்லி வைத்தவர்கள் கலர் ஷீட்டைப் பார்த்ததில்லை. 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது டெல்டாவில் தென்னைகளே வேரோடு சாய்ந்தன.

ஆகவே ஷெட்டின் அஸ்திவாரத்துக்குத் தாங்குவது சின்ன வேலை, பிடித்துக்கொள்வதுதான் பெரிய வேலை. தண்ணீரை உள்ளே விடாமல் இருப்பதும், அடிமண் அசைந்தாலும் கோணாமல் இருப்பதும் அடுத்தவை. கீழே வரும் ஒவ்வோர் அளவும் இந்த மூன்றில் ஒன்றுக்காக வருவது.

முதலில் மண்

ஷெட் வரப்போகும் இடத்தில் இரண்டு மூலைகளில் 3 அடி ஆழத்துக்குக் குழி எடுத்துப் பாருங்கள். ஒரு குழி போதாது. மனை போட்ட இடங்களில் ஒரு மூலை இயற்கை மண்ணாகவும் அடுத்த மூலை கொட்டிய மண்ணாகவும் இருப்பது சாதாரணம்.

செம்மண், கிராவல், சுக்காம்பாறை வந்தால் கவலை இல்லை, எந்த முறையும் நிற்கும். மணல் என்றாலும் எடை தாங்கும், ஆனால் குழி ஓரம் சரியும், கம்பத்தைப் பிடித்து வைக்காது. கடற்கரை ஓரங்களில் கம்பக் குழியைவிட ஒரே பலகையாகப் போடும் கான்கிரீட் தளம் நல்லது என்பது இதனால்தான். டெல்டாவின் களிமண்ணில் தண்ணீர் நிற்கும். அங்கே உயரம்தான் முக்கியம்.

கொட்டிய மண்ணைக் கண்டுபிடிக்கக் கடப்பாரை போதும். இடுப்பளவு உயரத்தில் இருந்து செங்குத்தாக விடுங்கள். இறுகிய மண்ணில் ஓரிரு இஞ்சு இறங்கும். அரை அடிக்கு மேல் புதைந்தால் அது இன்னும் படியாத மண். குழியில் செங்கல் துண்டு, பிளாஸ்டிக், கரிய ஏரி வண்டல் தென்பட்டாலும் அதே முடிவுதான். இரண்டு மழைக்காலமாவது கடந்த பிறகு கட்டுங்கள். அவசரம் என்றால் அந்த மண்ணை எடுத்துவிட்டு கிராவலால் நிரப்புங்கள்.

கரிசல் தனிக்கதை. கோவில்பட்டி, விளாத்திகுளம், அருப்புக்கோட்டைப் பக்கம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கோடையில் வெடிப்புக்குள் விரலே போகும். மற்ற ஊர்களில் சாம்பல் நிறக் களிமண் கிடைத்தால் சந்தேகம் வரும். அதற்கு ஒரு சோதனை இருக்கிறது. மண்ணைக் காயவைத்து, பொடித்து, சலித்து, ஒரே அளவான இரண்டு நீளக் கண்ணாடிக் குழாய்களில் சம அளவு போடுங்கள். ஒன்றில் தண்ணீர், மற்றதில் மண்ணெண்ணெய் ஊற்றிக் கலக்கி, ஒரு நாள் முழுக்க விடுங்கள். மண்ணெண்ணெயில் களிமண் உப்பாது. தண்ணீரில் இருக்கும் மண்ணின் உயரம் மண்ணெண்ணெயில் இருப்பதைவிட எத்தனை சதவீதம் கூடியது என்று பாருங்கள். ஆய்வுக்கூடத்திலும் இதைத்தான் அளவுக் குழாயில் செய்கிறார்கள். 50 சதவீதத்தைத் தாண்டினால் பின்னால் வரும் கரிசல் பகுதிக்கு நேராகப் போய்விடுங்கள்.

எங்கே வைப்பது

தென்னைக்கு அடியில் வேண்டாம். விழும் மட்டையும் காயும் ஷீட்டை நசுக்கும். அரசு, ஆல், வேம்பு இவற்றின் வேர் தளத்தையே தூக்கும். செப்டிக் டேங்க், உறிஞ்சு குழி மீதோ அவற்றை ஒட்டியோ போடக்கூடாது. மேலே மின்கம்பி போகிறதா என்று அண்ணாந்து பாருங்கள். வடகிழக்குப் பருவமழை சாய்த்து அடிக்கும் ஊர்களில் கதவு வடக்கு, கிழக்குப் பார்த்து இருந்தால் ஐப்பசி முழுக்க வாசலில் தண்ணீர்தான். கான்கிரீட்டில் நிலையாக நடும் ஷெட்டுக்கு அனுமதி வேண்டுமா, எல்லையில் எவ்வளவு இடம் விட வேண்டும் என்பதை ஊராட்சியிலோ நகராட்சியிலோ தோண்டுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

சென்ற மழையில் தண்ணீர் எதுவரை நின்றது? காம்பவுண்டுச் சுவரில் கறை இருக்கும். ஷெட்டின் தளம் அந்தக் கறைக்கு மேல் 6 இஞ்சாவது இருக்க வேண்டும். தண்ணீர் நிற்காத இடமானாலும் சுற்றுத் தரையைவிட 6 இஞ்சுக்குக் குறையாமல் உயர்த்துங்கள்.

எந்த அஸ்திவாரம்

4 அடிக்கு 6 அடியில் கடையில் கிடைக்கும் ரெடிமேட் ஷெட் என்றால் 4 இஞ்சு கிராவல், அதன்மேல் ஒன்றரை இஞ்சு எம்-சாண்ட் (கல்லை உடைத்துச் செய்யும் மணல்), மேலே 60 மில்லிமீட்டர் பேவர் கல் போதும். ஓரக் கல்லை கான்கிரீட்டில் பதியுங்கள், இல்லாவிட்டால் ஓரத்துப் பேவர்கள் ஒவ்வொன்றாக நழுவும். பேவரில் போல்ட் அடித்தால் காற்றுக்குக் கல்லோடு பிடுங்கி வரும். நாலு மூலையிலும் 1 அடிக்கு 1 அடி, ஒன்றரை அடி ஆழத்தில் கான்கிரீட் கட்டை போட்டு அதில்தான் ஷெட்டைப் பூட்ட வேண்டும்.

கால்களை மட்டும் குழியில் நட்டு தரையை மண்ணாகவோ பேவராகவோ விடுவது அடுத்த வழி. செலவு குறைவு. ஆட்டுக் கொட்டகை, விறகுக் கொட்டகை, ஒரு பக்கம் திறந்த ஷெட்டுக்கு இதுவே போதும்.

உர மூட்டை, விதை, மின் கருவிகள் வைப்பதானால் கான்கிரீட் தளம் போடுங்கள். யூரியா ஈரத்தை இழுத்துக் கல்லாகிவிடும். மண்தரை ஷெட்டில் அது ஒரு மழைக்காலம் தாங்காது.

செங்கல் சுவர் எழுப்புவதானால் அது ஷெட் கணக்கில் வராது. கடக்கால் எடுத்து, அடியில் பிசிசி (கம்பி இல்லாத கான்கிரீட்) போட்டு, கருங்கல் கட்டு கட்டி, மேலே சுற்றிலும் பட்டையாகப் பெல்ட் கான்கிரீட் ஓட்டும் வீட்டு முறையே அதற்குச் சரி.

கான்கிரீட் தளம்: 10 × 12 அடி

தளத்தின் நடுப்பகுதி 4 இஞ்சு கனம். நாலு ஓரத்திலும் 9 இஞ்சு அகலத்துக்கு 12 இஞ்சு கனமாக இறங்கும் பட்டை. கால்கள் நிற்பதும் போல்ட் பிடிப்பதும் அந்தப் பட்டையில்தான். மொத்தம் சுமார் 60 கன அடி கான்கிரீட், எடை 4 டன். காற்று ஒன்றரை, இரண்டு டன் இழுத்தாலும் அசையாது.

வாங்க வேண்டியவை:

கிராவல் – ஒன்றரை யூனிட்டுக்குச் சற்று மேல், சுமார் 160 கன அடி. யூனிட் என்பது 100 கன அடி. லாரிக்காரர் யூனிட் என்று சொல்லும்போது லாரியின் உள்ளளவை டேப் வைத்து அளந்து பாருங்கள்.
சிமெண்ட் – மிஷினில் கலந்தால் 15 மூட்டை, கையால் கலந்தால் 16.
எம்-சாண்ட் – கான்கிரீட்டுக்கு 28 கன அடி, அடியில் விரிக்க இன்னொரு 10.
முக்கால் ஜல்லி, அதாவது 20 மில்லிமீட்டர் – 55 கன அடி.
8 மில்லிமீட்டர் கம்பி – 40 அடி நீளத்தில் 11, சுமார் 52 கிலோ.
10 மில்லிமீட்டர் கம்பி – 3, சுமார் 22 கிலோ.
250 மைக்ரான் பாலித்தீன் ஷீட், கம்பியைத் தூக்கி நிறுத்தும் 2 இஞ்சு கவர் பிளாக் 60, கட்டுக்கம்பி 1 கிலோ.
12 மில்லிமீட்டர் கனம், 1 அடி நீளம் உள்ள ‘எல்’ போல்ட் – காலுக்கு 4 வீதம் 24.

முதல் வேலை, நூல் பிடிப்பது. முளைகளை ஷெட்டின் மூலையிலேயே அடித்தால் தோண்டும்போது போய்விடும். 3 அடி தள்ளி அடித்து நூலை நீட்டிக் கட்டுங்கள். மூலைமட்டம் பார்க்க ஒரு பக்கத்தில் 6 அடி, மறுபக்கத்தில் 8 அடி குறித்தால் குறுக்கே சரியாக 10 அடி வர வேண்டும். பிறகு இரண்டு குறுக்களவையும் எடுங்கள். 10 × 12க்கு இரண்டும் 15 அடி 7½ இஞ்சு. கால் இஞ்சு வித்தியாசம் பரவாயில்லை. ஒரு இஞ்சு வந்தால் கூரை ஷீட்டின் ஓரம் நேராக உட்காராது, அப்போது வெட்டி ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும்.

மட்டத்துக்கு டியூப் லெவல், அதாவது தண்ணீர் நிரப்பி மட்டம் பார்க்கும் நீளக் குழாய். குழாயில் காற்றுக் குமிழி ஒன்று இருந்தாலும் மட்டம் பொய்யாகும். தண்ணீரை நிரப்பி, இரண்டு முனையையும் அருகருகே பிடித்து ஒரே உயரம் காட்டுகிறதா என்று பார்த்த பிறகே வேலையைத் தொடங்குங்கள். வீட்டுச் சுவரிலோ மரத்திலோ ஓர் அடிப்படைக் கோடு போட்டு வைத்து, தோண்டுவது, நிரப்புவது, கான்கிரீட் எல்லாவற்றுக்கும் அதிலிருந்தே அளந்துகொள்ளுங்கள். முளையில் குறித்தால் யாராவது ஒருவர் தடுக்கி விழுவார், மட்டமும் கூடவே விழும்.

தோண்டுவது. ஷெட்டைவிட ஒவ்வொரு பக்கமும் 1 அடி கூடுதலாக, அதாவது 12 × 14 அடியில், 6 இஞ்சு மேல்மண்ணை எடுத்துவிடுங்கள். புல், வேர், சருகு இருக்கும் அந்த மண் மக்கி உள்வாங்கும். தோட்டத்துக்குத்தான் அது தங்கம், ஷெட்டுக்கு அடியில் நஞ்சு. பாத்திகளில் போட்டுவிடுங்கள்.

கிராவல் நிரப்புவது. அவசரப்பட்டால் தளத்தையே கெடுக்கும் வேலை இது. மொத்தக் கிராவலையும் கொட்டி மேலே தண்ணீர் பாய்ச்சி ஒரே தடவை இடிப்பது வழக்கமாகிவிட்டது. கையால் இடிக்கும் திம்சுக் கட்டையின் வேகம் 4 இஞ்சுக்குக் கீழே போவதில்லை. மேல்பகுதி மட்டும் இறுகி, அடியில் உதிரியாகவே இருக்கும். முதல் பெருமழையில் தண்ணீர் ஊறியதும் அது படியும், தளத்துக்கு அடியில் வெற்றிடம் உண்டாகும், நடுவில் கான்கிரீட் வெடிக்கும். ஆகவே 4 இஞ்சு பரப்பி, இடித்து 3 இஞ்சாக்கி, அதன்மேல் அடுத்த அடுக்கு. மூன்று அடுக்கில் 9 இஞ்சு. அதில் 6 இஞ்சு தரைக்குக் கீழே, 3 இஞ்சு மேலே. அதன்மேல் விரிக்கும் எம்-சாண்டின் 1 இஞ்சையும் கான்கிரீட்டின் 4 இஞ்சையும் சேர்த்தால் தளம் தரையில் இருந்து 8 இஞ்சு உயரும்.

தண்ணீர் எவ்வளவு தெளிப்பது? ஒரு பிடி கிராவலை எடுத்து இறுக்குங்கள். உருண்டையாக நின்று, இடுப்பு உயரத்தில் இருந்து போட்டால் இரண்டு மூன்று துண்டாக உடைந்தால் சரியான ஈரம். உதிர்ந்தால் காய்ந்தது. கையில் ஒட்டினால் சேறு, அரை நாள் காயவிடுங்கள். தட்டு வைத்த கம்பாக்டர் மிஷின் வாடகைக்குக் கிடைத்தால் ஒரு நாளில் முடியும். இடித்து முடித்த அடுக்கில் குதிகாலை ஊன்றித் திரும்பினால் தடம் பதியக்கூடாது.

ஓரப் பட்டைக்கான கால்வாய். 9 இஞ்சு அகலம், கிராவல் மட்டத்தில் இருந்து 8 இஞ்சு ஆழம். உள்பக்கத்தைச் செங்குத்தாக வெட்டாமல் சரிவாக வெட்டினால் கிராவல் உதிராது. செங்குத்தான மூலையில் கான்கிரீட் வெடிக்கவும் தோதாக இருக்கும், சரிவு அதையும் தவிர்க்கும்.

கரையான் மருந்து அடிப்பதானால் இப்போதுதான். டப்பாவில் எழுதிய விகிதத்தில் கரைத்து, சதுர மீட்டருக்கு 5 லிட்டர் கரைசல் என்ற கணக்கில் தெளிக்க வேண்டும். நம் தளத்துக்கு சுமார் 56 லிட்டர். பூவாளியால் சீராக ஊற்றுங்கள். கிணறோ ஆழ்துளைக் கிணறோ பக்கத்தில் இருந்தால் மருந்தே வேண்டாம். முழு இரும்பு ஷெட்டுக்கு அது கட்டாயம் இல்லை.

அடுத்து 1 இஞ்சு எம்-சாண்ட் விரித்து மட்டம் செய்து, அதன்மேல் பாலித்தீன். மணல் இல்லாமல் விரித்தால் கிராவல் கல் பாலித்தீனைக் குத்திக் கிழிக்கும். இணைப்பில் 1 அடி மேலேறட்டும். மின்சாரம் கொண்டுவர நினைத்தால் 1 இஞ்சு பிவிசி பைப்பை வளைவோடு இப்போதே வைத்து வாயை அடைத்துவிடுங்கள். பிறகு கான்கிரீட்டைக் குடைவது வீண் வேலை.

பெட்டி அடைப்பது, அதாவது கான்கிரீட்டை நிறுத்தச் சுற்றிலும் பலகை கட்டுவது. பலகையின் உள்ளளவு 10 அடிக்கு 12 அடி என்றால் ஷெட் சட்டத்தின் வெளியளவும் அதுவே இருக்க வேண்டும். இந்த ஒன்றில் எத்தனையோ பேர் ஏமாறுகிறார்கள். “கொஞ்சம் பெருசா போட்டுடலாம்” என்று தளத்தை ஒவ்வொரு பக்கமும் அரை அடி நீட்டிவிடுவார்கள். சுவர் ஷீட்டில் வழியும் மழைத் தண்ணீர் அந்தத் திண்ணையில் விழுந்து, ஷீட்டுக்கு அடியில் நேராக உள்ளே ஓடும். சிலிக்கானை எத்தனை தடவை பூசினாலும் நிற்காது. தளமும் சட்டமும் ஒரே அளவாக இருந்து, வெளியில் அடிக்கும் ஷீட் தளத்தின் ஓரத்தைத் தாண்டி 2 இஞ்சு கீழே தொங்கினால் தண்ணீர் தானாகவே வெளியே சொட்டும். ஷீட்டின் நுனி கிராவலைத் தொடாமல் நிற்கட்டும், தொட்டால் அங்கே துரு ஏறும்.

வாசல் பக்கம் 1 இஞ்சு தாழ்வாகப் பலகையை வையுங்கள். கழுவினால் தண்ணீர் வெளியே போகும்.

கம்பி கட்டுவது. 8 மில்லிமீட்டர் கம்பி இரு திசையிலும் 8 இஞ்சுக்கு ஒன்று. ஓரப் பட்டையின் அடியில் 10 மில்லிமீட்டர் கம்பி இரண்டு, சுற்றிலும். மூலைகளில் கம்பியை வளைத்து அடுத்த பக்கத்துக்குக் கொண்டுபோங்கள், ஒட்டும் இடத்தில் ஒன்றரை அடிக்குமேல் ஒன்றின்மேல் ஒன்று இருக்க வேண்டும். கவர் பிளாக்கின் மேல் கம்பி நின்றால் 4 இஞ்சுத் தளத்தில் அது நடுவில் வரும். “போடும்போது கொக்கியால தூக்கிக்கலாம்” என்று தரையிலேயே கம்பியைக் கிடத்துவது பழைய பழக்கம். தூக்கிய இடத்தில் ஆள் மிதிப்பார், மறுபடி கீழே போகும். கீழே கிடக்கும் கம்பி துருப்பிடிக்கத்தான் உதவும்.

போல்ட். ஒவ்வொரு காலுக்கும் 6 இஞ்சுச் சதுரத் தகடு, அதில் 4 இஞ்சு இடைவெளியில் நான்கு துளை. வெல்டர் தகட்டில் துளை போட்ட பிறகு, அதே துளைகளை ஒரு பிளைவுட் துண்டில் எடுத்து, போல்ட்டுகளை அதில் கோத்து, ஓரப் பட்டையின் நடுவில் பலகையோடு ஆணியடித்துத் தொங்கவிடுங்கள். மரையில் டேப் சுற்றுங்கள். கண்ணளவில் போல்ட்டைச் செருகினால் தகடு உட்காராது. பிறகு துளையைக் கேஸ் கட்டரால் பெரிதாக்குவார்கள், பிடிப்பும் போகும்.

கலவை. சிமெண்ட் 1, மணல் 1½, ஜல்லி 3. சட்டியால் அள்ளும் பாண்டுக் கணக்கு ஆளுக்கு ஆள் மாறும். குவித்து அள்ளுபவர் ஒருவர், தட்டி அள்ளுபவர் ஒருவர். 12 இஞ்சு நீளம், 12 இஞ்சு அகலம், 15 இஞ்சு உயரத்தில் அடியில்லாப் பெட்டி ஒன்று பலகையில் அடித்துக்கொள்ளுங்கள். அது ஒரு மூட்டை சிமெண்டின் கொள்ளளவு. மூட்டைக்கு மணல் ஒன்றரைப் பெட்டி, ஜல்லி மூன்று பெட்டி. இது சுமார் 4.4 கன அடி கான்கிரீட் தரும், மொத்தம் 14 கலவை.

தண்ணீர் மூட்டைக்கு 25 முதல் 28 லிட்டர். 30ஐத் தாண்டவே கூடாது, விதித் தொகுப்பின் உச்சவரம்பும் அதுதான். மணல் ஈரமாக இருந்தால் இன்னும் குறையுங்கள். தண்ணீர் கூடினால் கலவை தானாக ஓடும், வேலை எளிது, அதனால் எல்லோருக்கும் பிடிக்கும். காய்ந்தபின் மேலே பாலாடைபோல் ஒரு சிமெண்ட் படலம் நின்று, அது மாவாக உதிரும். பெருக்கப் பெருக்கத் தூசி வருகிறது என்று சொல்லப்படும் தளமெல்லாம் இப்படிப் பிறந்தவைதான்.

சித்திரை, வைகாசியில் போடுவதானால் காலை 6 மணிக்கே தொடங்குங்கள். தண்ணீர் சேர்த்த கலவையை அரைமணி நேரத்துக்குள் போட்டுவிட வேண்டும். இறுகத் தொடங்கியதில் மறுபடி தண்ணீர் ஊற்றிக் கிளறுவது கூடாது. ஓரப் பட்டையை முதலில் நிரப்பி, கம்பியால் நன்றாகக் குத்தி, உடனே நடுப்பகுதியைத் தொடருங்கள். இடையில் சாப்பாட்டுக்கு நிறுத்தினால் அந்தக் கோட்டில் இணைப்பு விடும்.

மட்டப்பலகையால் இழுத்த பிறகு கை வைக்காமல் காத்திருங்கள். மேலே கசியும் தண்ணீர் மறைந்ததும், தேய்த்துச் சமமாக்கும் மணியாஸ் போடலாம். ஈரத்தை உறிஞ்ச வேண்டும் என்று சிமெண்டைத் தூவித் தேய்ப்பதைக் கண்டால் நிறுத்தச் சொல்லுங்கள். அந்த மெல்லிய அடுக்கு ஒரு வருடத்தில் தகடு தகடாக உரியும்.

மறுநாள், 12 அடி நீளத்தின் நடுவில் குறுக்காக 1 இஞ்சு ஆழத்துக்கு கட்டிங் மிஷினால் ஒரு கோடு வெட்டுங்கள். கான்கிரீட் சுருங்கும்போது எங்கேயாவது வெடிக்கத்தான் செய்யும். நாம் வெட்டிய கோட்டிலேயே வெடித்தால் கண்ணுக்குத் தெரியாது.

தண்ணீர் கட்டுவது. இப்போது கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் சாம்பல் கலந்த பிபிசி சிமெண்ட். அதற்கு 10 நாள் ஈரம் வேண்டும். காலையில் ஒரு குடம், மாலையில் ஒரு குடம் தெளிப்பது கணக்கில் வராது. களிமண்ணால் ஓரத்தில் வரப்பு கட்டி 1 இஞ்சு தண்ணீர் நிறுத்துங்கள், அல்லது சாக்கு போட்டு நனைத்துக்கொண்டே இருங்கள். கால்களை 7 நாள் கழித்து ஏற்றலாம். உர மூட்டைகளை அடுக்க 28 நாள் பொறுங்கள்.

குழியில் நடும் முறை

ஆறு குழி, ஒவ்வொன்றும் ஒன்றரை அடிச் சதுரம், 3 அடி ஆழம். ஒரு குழி நிறையக் கான்கிரீட் சுமார் 460 கிலோ, ஆறும் சேர்ந்து இரண்டே முக்கால் டன். குழியை 1 அடியாகக் குறைத்தால் எடை பாதிக்கும் கீழே போய்விடும் என்பதைக் கவனியுங்கள். 1:2:4 கலவையில் மொத்தம் 8 மூட்டை சிமெண்ட் பிடிக்கும்.

வழவழப்பான பைப்பை அப்படியே நட்டால் கான்கிரீட் உள்ளே இருக்க, பைப் மட்டும் உருவிக்கொண்டு வரும். பைப்பின் அடியில் இரண்டு இடத்தில் குறுக்குக் கம்பி வெல்ட் செய்யுங்கள். மேல் வாயைத் தகட்டால் மூடுங்கள், இல்லையென்றால் மழைத் தண்ணீர் உள்ளே இறங்கி உள்ளிருந்தே அரிக்கும். துரு முதலில் பிடிப்பது மண்ணும் காற்றும் சந்திக்கும் இடத்தில்தான். அங்கே மேலே அரை அடி, கீழே அரை அடி தார்ப் பூச்சு அடியுங்கள். கான்கிரீட்டைத் தரைக்கு மேல் 4 இஞ்சு எழுப்பி, நாலு பக்கமும் சரிவாக வழித்துவிடுங்கள். குழியோடு நிறுத்தினால் காலைச் சுற்றிக் கிண்ணம்போல் தண்ணீர் நிற்கும். கால்களைத் தூக்குக்குண்டு பார்த்து முட்டுக் கொடுத்து, மூன்று நாள் தொடாமல் விடுங்கள்.

இரும்புக்குப் பதில் கல்லுக்கால் கிடைக்கும் ஊர்களில் அதை நடுவது இன்னும் மேல். துரு என்ற பேச்சே இல்லை. கூரைச் சட்டத்தைக் கல்லில் துளையிட்டு போல்ட் போட்டு இறுக்க வேண்டும். கம்பியால் கட்டிவிட்டால் காற்றுக்கு அவிழும்.

கரிசலில்

கரிசல் மண் மழையில் உப்பும், கோடையில் சுருங்கும். ஷெட் கனமாக இருந்தால் மண்ணை அமுக்கி வைக்கும். 300 கிலோ ஷெட்டை மண் பொருட்படுத்தாது, தூக்கிவிடும். 4 இஞ்சுத் தளத்தை அதன்மேல் நேராகப் போட்டால் ஓரம் ஈரமாகி எழும், நடு காய்ந்து தாழும். கதவு மழைக்காலத்தில் மாட்டிக்கொள்ளும், கோடையில் திறக்கும்.

மண்ணை எடுத்துவிட்டு ஆற்று மணலோ எம்-சாண்டோ நிரப்பச் சொல்வார்கள். அது தொட்டி கட்டியது போல் ஆகிவிடும். மழைத் தண்ணீர் மணலுக்குள் இறங்கி, வெளியே போக வழியின்றி, அடியில் இருக்கும் கரிசலை ஊறவைக்கும். உப்பாத கிராவலை நன்றாக இடித்து நிரப்புவதே சரி, 2 அடியாவது. ஷெட்டைவிட ஒவ்வொரு பக்கமும் 3 அடி கூடுதலாகப் பரப்பினால் ஈரம் மாறும் ஓரம் ஷெட்டைவிட்டுத் தள்ளிப் போகும்.

சின்ன ஷெட்டுக்கு அதைவிடச் சிக்கனமான வழி, காலை ஆழமாக நட்டுத் தரையைத் தனியே விடுவது. குழி 5 அடி ஆழம், அடியில் சற்று அகலமாக. மேல் 3 அடிக்குக் குழிச் சுவரில் இரட்டைப் பாலித்தீன் சுற்றிவிட்டுக் கான்கிரீட் போடுங்கள். மேல்மண் உப்பி எழும்போது கான்கிரீட்டைப் பற்றித் தூக்காமல் வழுக்கிப் போகும். தரைக்குப் பேவர் கல். எழுந்தால் பெயர்த்து மட்டம் பார்த்து மறுபடி பரப்ப அரை நாள் போதும், வெடித்த கான்கிரீட்டை அப்படிச் செய்ய முடியாது. காலோடு கால் சேர்த்துப் பெல்ட் ஓட்டினால் அதன் அடிக்கும் மண்ணுக்கும் நடுவே 3 இஞ்சு இடைவெளி இருக்கட்டும். வீட்டளவுக் கட்டடம் என்றால் ரூர்க்கி கட்டட ஆராய்ச்சி நிலையம் கரிசலுக்காக உருவாக்கிய, அடியில் குமிழ்போல் விரிந்த கான்கிரீட் தூண்களை மண்ணில் இறக்கும் பைல் முறை இருக்கிறது. அது மூன்றரை மீட்டர் ஆழம் போகும், ஷெட்டுக்கு மிகை.

கரிசலில் வேலையைத் தொடங்க நல்ல மாதம் தை, மாசி. மண் மழையில் ஊறி அளவாகக் காய்ந்திருக்கும். வெடித்துக் கிடக்கும் வைகாசி மண்ணில் கட்டினால் ஐப்பசியில் அது உப்பும்போது மேலே இருப்பதையும் சேர்த்துத்தான் தூக்கும்.

ஷெட் நின்ற பிறகு

கூரைத் தண்ணீர் விழும் கோட்டில் 1 அடி அகலம், 4 இஞ்சு ஆழத்துக்கு ஜல்லி போடுங்கள். இது இல்லாவிட்டால் சொட்டும் தண்ணீர் ஒரே மழைக்காலத்தில் தளத்தின் ஓரத்தில் கிராவலைத் தோண்டிவிடும். ஒரு மூலை மட்டும் இறங்கிய ஷெட்டுகளில் முதலில் பார்க்க வேண்டிய இடம் அதுதான். கூரை ஓரத்தில் தண்ணீரைப் பிடிக்கும் பீலி வைத்தால் அதன் குழாயைத் தளத்தில் இருந்து 6 அடி தள்ளி, பாத்திக்கோ தொட்டிக்கோ திருப்புங்கள். சுற்றித் தரை 3 அடிக்கு ஒன்றரை இஞ்சு வெளியே சரியட்டும்.

முதல் பருவமழை முடிந்ததும் போல்ட்டுகளை ஒரு சுற்று இறுக்கி, மரையில் கிரீஸ் தடவி, தளத்தில் டியூப் லெவலை மறுபடி பிடித்துப் பாருங்கள். சுவரில் போட்ட பழைய கோட்டை அதுவரை வெள்ளையடித்து மறைத்துவிடாதீர்கள்.